சூரியனின் மேற்பரப்பு 5,500 டிகிரியா, 10 லட்சமா?

பாடப்புத்தகத்தில் 5,500 டிகிரி செல்சியஸ், வீடியோவில் 10 லட்சம். மகள் எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரிதான், இடம்தான் வேறு.

கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பான ஒளிமண்டலம் சுமார் 5,500. அதற்கு 500 கிலோமீட்டர் மேலே 4,000 அளவுக்குக் குறைகிறது. அப்புறம்தான் ஆச்சரியம்: அதற்கு மேலுள்ள அடுக்கான நிறமண்டலத்தைத் தாண்டி, சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனாவில் 10 லட்சத்துக்கும் மேல்! அந்த வெப்பத்தில் இரும்பு அணு 13 எலக்ட்ரான்களை இழந்து நிற்கிறது. முழு கிரகணத்தின்போது நிறமாலையில் (ஒளியை நிறங்களாகப் பிரித்த பட்டையில்) தெரியும் பச்சைக்கோடு அதன் அடையாளம். காந்தப்புலம்தான் ஆற்றலை மேலே கடத்துகிறது. எந்த வழியில் என்பதில் விவாதம் இன்னும் ஓயவில்லை.

ஆனால் கரோனாவில் துகள்கள் மிக மிகக் குறைவு; அதனால் அது கடத்தும் வெப்பமும் குறைவு. அதனால்தான் அதற்குள் நுழைந்த நாசாவின் பார்க்கர் விண்கலம், சுமார் 1,400 டிகிரி வரை தாங்கும் கவசத்தோடே தப்புகிறது.

கேள்வியில் 'மேற்பரப்பு' என்றிருந்தால் 5,500 என்றே எழுதச் சொல்லுங்கள்.