அப்பாவின் கை நடுக்கத்தை வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்

வணக்கம் சகோ. ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற அப்பா, தினமும் குடித்தவர், நேற்றிலிருந்து நிறுத்திவிட்டார், கை நடுங்குகிறது என்கிறீர்கள். இன்றே கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். முதல் 48 மணி நேரத்தில் வலிப்பு வரலாம். அப்படி வந்தால் உடனே 108. அடுத்த இரண்டு நாளில் இல்லாத உருவம் தெரிவது, குழப்பம், காய்ச்சல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். தினம் எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பக்கத்து கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றிக்கொண்டு திரும்பாதீர்கள்: அதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடாவிட்டால் மூளை பாதிக்கப்படலாம்.

குடியை நிறுத்த அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்கலாம் என்று சித்தப்பா சொன்ன மாத்திரை வேண்டவே வேண்டாம். அது டைசல்ஃபிராம் (மதுவோடு சேர்ந்தால் உடம்பைப் படுத்தும் மருந்து) என்றால், அது தெரியாமல் அவர் மது குடிக்கும்போது ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

உடம்பு தேறியதும் இசிஎச்எஸ் (முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக்கில் மனநல மருத்துவருக்குப் பரிந்துரை கேளுங்கள். ராணுவ கேன்டீனில் வாங்கும் சரக்கை அவர் சம்மதத்தோடு நிறுத்துங்கள். உங்களுக்கே பேச ஆள் வேண்டுமென்றால் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416.