கால்வாசி ஓஸ்தி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் தினமும் பூசைக்குப் போகிறவள். போன ஞாயிறு எங்கள் பங்குச்சாமியார் மறையுரை முழுவதும் கல்லறைத் தோட்டத்தின் நடுவே நிற்கும் சாதிச் சுவரைப் பற்றியே பேசினார். அந்தச் சுவரை வைத்துக்கொண்டு நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்குவதில் என்ன அர்த்தம் என்று கேட்டார். பலர் முகம் சுளித்தார்கள். எனக்கும் வருத்தம்தான். நற்கருணை எனக்கும் இயேசுவுக்கும் மட்டுமான நேரம். இப்போதைய இறையியலாளர்களும் எதற்கெடுத்தாலும் சமூகம், விடுதலை என்றே எழுதுகிறார்கள். அதையெல்லாம் பேச வேறு மேடை இல்லையா? பீடத்தையாவது விட்டுவைக்கக் கூடாதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

நன்மை வாங்கிவிட்டு இடத்துக்குத் திரும்பி முழங்காலில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களைத்தான் நீங்கள் காப்பாற்ற நினைக்கிறீர்கள். எனக்கும் அது பெரிய நேரம். அதை யாரும் உங்களிடமிருந்து பறிக்கக் கூடாது. ஆனால் பீடத்தில் நின்று சமூகத்தைப் பேசுவது இந்தக் காலத்து இறையியலாளர்கள் ஆரம்பித்துவைத்த பழக்கம் என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

'இது உங்களுக்கான என் உடல்' என்று சாமியார் அப்பத்தின் மேல் சொல்கிறாரே, இயேசு அதைச் சொன்ன கடைசி இரவு முதன்முதலில் எழுத்தில் வருவது நற்செய்தி நூல்களில் அல்ல. அவை எழுதப்படும் முன்பே, கி.பி. 50களின் நடுவில், திருத்தூதர் பவுல் கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. ஏன் எழுதினார்? ஒரு சாப்பாட்டுத் தகராறு. அப்போது நற்கருணைத் திருவிருந்தும் சாப்பாடும் ஒன்றாகவே நடந்தன. வசதியானவர்கள் தாங்கள் கொண்டுவந்ததை முந்திக்கொண்டு சாப்பிட்டுவிட்டார்கள், ஒன்றுமில்லாதவர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் உண்பது ஆண்டவரின் திருவிருந்தே அல்ல என்று பவுல் கோபப்படுகிறார். கோபத்தின் நடுவில்தான் இயேசு அப்பத்தைப் பிட்ட இரவை நினைவுபடுத்துகிறார். அந்தத் தகராறு வந்திராவிட்டால் இந்த வரிகளை எழுத அவருக்கு அவசியமே வந்திருக்காது.

ஆண்டவரின் உடல் என்று உணராமல் உண்பவர் தீர்ப்பை உண்கிறார் என்பதும் அதே அதிகாரத்தில்தான். பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவ அறிக்கை) செய்யாமல் நன்மை வாங்காதே என்று சின்ன வயதில் எங்களை அந்த வரியை வைத்தே பயமுறுத்தினார்கள். எந்த உடல்? முந்தின அதிகாரத்திலேயே பவுல் சொல்லிவிட்டார்: அப்பம் ஒன்று, அதில் பங்கு வாங்கும் நாம் பலராக இருந்தாலும் ஒரே உடல். பக்கத்தில் பசியோடு இருந்தவரும் அந்த உடல்தான். 'கிறிஸ்துவின் உடல்' என்று கேட்டதும் நீங்கள் சொல்லும் ஆமென் உண்மையாக வேண்டுமானால் அந்த உடலின் உறுப்பாக இருங்கள் என்று ஆயரான புனித அகுஸ்தினார் தம் மக்களிடம் சொன்னார். ஆயிரத்து அறுநூறு வருடங்களுக்கு முன்னால்.

நான் பையனாக இருந்தபோது பூசைக்கு உதவி செய்தவன். நன்மை கொடுக்கும் நேரத்தில் ஒவ்வொருவர் தாடைக்குக் கீழும் தட்டைப் பிடிப்பது என் வேலை. வெற்றிலைக் கறை படிந்த பற்கள், காய்ந்து வெடித்த உதடுகள், நடுங்கும் தாடைகள் எல்லாவற்றையும் அவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் கீழத்தெருக்காரர்கள் கடைசியில்தான் வருவார்கள். யாரும் அப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லை, ஆனால் அப்படித்தான் வருவார்கள். திருநாள் பூசையில் கூட்டம் அதிகமாகி ஓஸ்தி, அதாவது நன்மையாகக் கொடுக்கும் மெல்லிய வட்ட அப்பம், குறைந்துவிடும். சாமியார் முதலில் இரண்டாக உடைப்பார், அப்புறம் நாலாக. துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வரும் ஒரு தாத்தா எப்போதும் கடைசி ஆள். அவர் நாக்கில் விழுந்தது பெரும்பாலும் நகத்தளவு துணுக்குதான். துணுக்கிலும் முழுக் கிறிஸ்து இருக்கிறார் என்பது திருச்சபையின் போதனை. அதை முழு மனதோடு நம்புகிறேன். அந்தத் துணுக்கு வருஷா வருஷம் ஒரே தெருவுக்குத்தான் போனது என்பதும் எனக்குத் தெரியும்.

திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 19ஆம் நூற்றாண்டில் அதைக் கால்சட்டை மாதிரி இரண்டு கிளையாகக் கட்டினார்கள். வெள்ளாளர் ஒரு பக்கம், நாடார் ஒரு பக்கம். இரண்டு பக்கத்துக்கும் பீடம் தெரியும், ஒருவரை ஒருவர் தெரியாது. பீடத்துக்கும் எனக்கும் மட்டுமான நேரம் என்பதைக் கல்லில் கட்டினால் இப்படித்தான் வரும் என்று அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். 1910இல் தடுப்பை இடித்தார்கள், விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

தென்னாப்பிரிக்காவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே டச்சு சீர்திருத்தச் சபை என்ற புராட்டஸ்டண்ட் சபை 1829இல் நிறம் பார்க்காமல் எல்லோருக்கும் சேர்த்தே திருவிருந்து என்று முடிவெடுத்தது. 1857இல், 'சிலருடைய பலவீனத்தை' முன்னிட்டு, தனித்தனியாகவும் நடத்தலாம் என்று இறங்கிவந்தது. வெள்ளையர் சிலருக்குக் கறுப்பரோடு சேர்ந்து வாங்கப் பிடிக்கவில்லை, அதுதான் அந்தப் பலவீனம். 1881இல் கலப்பினத்தாருக்குத் தனிச் சபையே வந்தது. நிறவெறி அரசின் சட்டமாவதற்கு வெகு காலம் முன்பே திருவிருந்து மேசையில் ஒத்திகை நடந்துவிட்டது. 1982இல் ஒட்டாவாவில் உலகச் சீர்திருத்தச் சபைகள் கூடியபோது தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பிரதிநிதிகள் திருவிருந்தில் பங்கெடுக்க மறுத்தார்கள். சொந்த நாட்டில் எங்களோடு வாங்காதவர்களோடு இங்கே மட்டும் எப்படி வாங்குவது என்றார்கள். நிறவெறிக்கு இறையியல் நியாயம் சொல்வது திரிபுக் கொள்கை, அதாவது விசுவாசத்துக்கே விரோதமான போதனை, என்று அந்த மாநாடு அறிவித்தது. நீங்கள் குறைப்படும் இன்றைய இறையியலில் பெரும் பகுதி இந்த மாதிரி இடங்களில் பிறந்ததுதான். பூசையை அரசியலாக்க அவர்கள் வரவில்லை. அவர்களுக்குப் பசித்தது அந்த அப்பத்துக்காகத்தான்.

உங்கள் கல்லறைச் சுவருக்கு இரண்டு பக்கமும் படுத்திருப்பவர்கள் ஒரே சாமியார் கையால் நன்மை வாங்கியவர்கள். நீங்கள் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர் என்று கடிதத்தில் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வருகிறது. உங்கள் ஆட்களின் கல்லறையில் ஏற்றியதும், இரண்டு மெழுகுவர்த்தி மிச்சம் வைத்துக்கொண்டு மறுபக்கமும் போய்வாருங்கள். அங்கே என்ன பார்த்தீர்கள், யார் உங்களைப் பார்த்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.