வெரிலாக்கா, விஎச்டிஎல்லா?

அன்புள்ள அண்ணா,

டர்பனில் எலக்ட்ரானிக் எஞ்சினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் கரூவில் உள்ள மீர்காட் ரேடியோ தொலைநோக்கியில் வேலை செய்ய ஆசை. உள்ளே இருக்கும் சர்க்யூட்டை நாமே எழுதி மாற்றக்கூடிய எஃப்பிஜிஏ சிப் பழக, சர்க்யூட்டை எழுதும் மொழிகளில் முதலில் வெரிலாக் படிக்கவா, விஎச்டிஎல் படிக்கவா? சி மொழி தெரிந்தவனுக்கு வெரிலாக் சுலபம் என்கிறார்கள் நண்பர்கள்.

ஒரு மாணவன், பீனிக்ஸ்

அன்புள்ள தம்பி,

விஎச்டிஎல்லில் தொடங்குங்கள். நண்பர்கள் சொல்லும் காரணம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. சி பழகியவர் வெரிலாக்கைப் பார்த்ததும், வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் என்று நினைத்துவிடுவார். நீங்கள் எழுதப்போவது சர்க்யூட். பத்து பிளாக் எழுதினால் பத்தும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.

நான் வெரிலாக்கில்தான் தொடங்கினேன். எட்டு பிட் கவுண்டர் (எண்ணிக்கொண்டே போகும் சர்க்யூட்) ஒன்றை எழுதி எட்டு எல்இடியோடு இணைத்தேன். முதல் எல்இடி மட்டும் அணைந்து அணைந்து எரிந்தது, மற்ற ஏழும் இருட்டு. போர்டுதான் கெட்டுவிட்டது என்று இரண்டு இரவு வயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். கடைசியில் பார்த்தால், சர்க்யூட்டின் இரண்டு பகுதிகளுக்கும் (மாட்யூல்) நடுவே போகும் வயரை நான் அறிவிக்கவே இல்லை. அப்படி விட்ட பெயரை வெரிலாக் தானாகவே ஒரு பிட் வயராக எடுத்துக்கொள்ளும். எட்டில் ஒன்றுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அகலம் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை நீளமான லாகின் நடுவில் கிடந்தது. இதைத் தடுக்க வெரிலாக்கிலும் ஒரு வரி உண்டு. ஆனால் ஒருமுறை அடிபட்டவருக்குத்தான் அதைப் போடத் தோன்றும். விஎச்டிஎல் என்றால் கம்பைல் செய்யும்போதே நிறுத்தியிருக்கும்.

விஎச்டிஎல் நீளம்தான், மறுக்கவில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தேவைக்காக உருவாகி, 1987இல் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் தரநிலையாக ஆன மொழி அது. அடா என்ற புரோகிராமிங் மொழியின் கறார் அதில் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு சிக்னலின் வகையையும் அகலத்தையும் எழுதித்தான் ஆக வேண்டும். எழுத எழுத சர்க்யூட் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

சிப் வடிவமைப்புப் பக்கம் போனால் வெரிலாக்கை விரிவாக்கிய சிஸ்டம்வெரிலாக் இல்லாமல் முடியாது. ஒன்று கைவந்த பிறகு மற்றதற்குச் சில வாரங்கள் போதும்.

மீர்காட்டை 64 தட்டுகளோடு கட்டியபோது, அவற்றிலிருந்து வரும் சிக்னலைச் சேர்க்க வைத்தது எஃப்பிஜிஏ போர்டுகளைத்தான். அவற்றை சிமுலிங்க் என்ற மென்பொருளில் பிளாக்குகளாக வரைந்தும் வடிவமைத்தார்கள். அந்த வேலையின் அடிப்படை, சிக்னலை அதிர்வெண்களாகப் பிரிக்கும் எஃப்எஃப்டி கணக்கு. அதனால் அதையும் இப்போதே நன்றாகப் படியுங்கள்.

போர்டு வாங்க அவசரம் வேண்டாம். விஎச்டிஎல்லைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் ஜிஎச்டிஎல், அலைவடிவத்தைக் காட்டும் ஜிடிகேவேவ் இரண்டும் இலவசம். அதே எட்டு பிட் கவுண்டரை எழுதுங்கள். அன்சைன்ட் (மைனஸ் இல்லாத எண்) வகையில் எழுதினால் 255க்கு அப்புறம் 0க்குத் திரும்பும். 0 முதல் 255 வரை என்று எல்லை போட்ட இன்டிஜராக எழுதினால் சிமுலேஷன் பிழை சொல்லி நின்றுவிடும். இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.