சிவனொளிபாதமலைக்கு ஆறுதலாக ஏறலாம்: வாசகர் கேள்வி-பதில்

டிசம்பர் போயாவுடன், அதாவது பௌர்ணமியுடன், தொடங்கும் மலை சீசன் வெசாக் போயாவரை ஓடும். அந்த ஐந்து மாதமும் எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் "என்னால் ஏற முடியுமா?" என்றுதான் தொடங்குகின்றன. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, சிறு வயதிலிருந்து இந்தப் படிகளில் ஏறி இறங்கியவள் நான். எந்த நாள், எந்த நேரம், என்ன வேகம் என்ற மூன்றையும் சரியாக எடுத்தால் ஏறக்கூடியவர்கள் நிறையப் பேர். அதைத் தப்பாக எடுத்துவிட்டு, உடம்பு சரியில்லை என்று பாதியில் திரும்பியவர்களையும் நிறையக் கண்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு 63 வயது. முழங்கால் வலி இருக்கிறது. ஆனாலும் ஒருதரம் மலைக்குப் போய்க் கும்பிடவேணும் என்று நிற்கிறா. கூட்டிக்கொண்டு போகலாமா அக்கா? (வவுனியா)

முதலில் அவவுடைய டாக்டரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால் போகலாம். ஆனால் இரவில் ஏற வேண்டாம்.

எல்லாரும் இரவில் ஏறுவது சூரிய உதயத்துக்காக. உங்கள் அம்மா கும்பிடத்தான் போகிறா, அதற்குப் பகல் போதும். முதல் நாளே ஹட்டன் வந்து, அங்கிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போய்விடுங்கள். சீசனில் ஹட்டனிலிருந்து நேரடி பஸ்ஸும் ஓடும். வழி முழுக்க வளைவுதான், வாந்தி வரக்கூடியவர் என்றால் முன் சீட்டில் இருத்துங்கள். மவுசாகலை நீர்த்தேக்கம் தெரியும்போது அம்மாவுக்குக் காட்டுங்கள். பழைய மஸ்கெலியா நகரம் அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறது. நல்ல வரட்சி வந்து நீர் இறங்கினால் பழைய கோயில் இன்றும் வெளியே தெரியும்.

அன்றிரவு நேரத்தோடு படுத்து, காலை ஐந்தரைக்கு நிலம் வெளிக்கும்போது புறப்படுங்கள். இரவில் போனவர்கள் அப்போது உச்சியில் நிற்பார்கள். நீங்கள் பாதி ஏறும்போது அவர்கள் இறங்கி வருவார்கள். நீங்கள் மேலே போகும் நேரம் கோயில் முற்றத்தில் ஆறுதலாக நின்று கும்பிட இடம் இருக்கும்.

நல்லதண்ணி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உச்சி 2,243 மீட்டர். ஆகவே ஏற வேண்டியது ஏறக்குறைய 1,000 மீட்டர், படிகள் ஐயாயிரத்துக்கு மேல். ஆனால் தொடக்கம் கடினமில்லை. கடைத்தெரு, மகர தோரணம், ஜப்பானிய சமாதானத் தாதுகோபுரம், சீத கங்குல ஆறுவரை இடையிடையே படி, மற்றபடி நடைபாதைதான். அதற்குப் பிறகுதான் படிகள் நெருக்கமாகி நிமிரும். கடைசித் துண்டை மகாகிரிதம்ப என்பார்கள். அங்கே கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும்.

அம்மா பேசிக்கொண்டே ஏறக்கூடிய வேகம்தான் சரியான வேகம். பேச்சு அறுந்தால் நில்லுங்கள். ஏற ஆறு மணித்தியாலம், இறங்க நாலரை என்று கணக்கு வையுங்கள். பகல் ஒரு மணிக்கு எந்த இடத்தில் நின்றாலும் திரும்பிவிட வேண்டும் என்று கீழேயே பேசி முடிவெடுங்கள். மேலே போனபின் அந்தப் பேச்சை எடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

முழங்காலுக்கு இறக்கம்தான் சோதனை. ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்கட்டும், இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் வைக்கட்டும். ஊன்றுகோல் வலிக்கு எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். உயரமான படியில் பக்கவாட்டாகத் திரும்பி இறங்கலாம்.

என் அம்மாவைக் கடைசியாகக் கூட்டிப்போனபோது ஏற மட்டும் ஏழு மணித்தியாலம் எடுத்தது. எங்களை முந்திப் போகாத ஆளே இல்லை. மேலே போய் மணியை அடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றா, அது போதும் எனக்கு. உங்கள் அம்மாவால் மேலே போக முடியாவிட்டால், சீத கங்குலவரை போய் முகம் கழுவி, மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பட்டும். யாத்திரிகர்கள் காலங்காலமாகத் தம்மைச் சுத்தம் செய்துகொள்ளும் ஆறு அது. அங்குவரை போனதும் யாத்திரைதான்.

நாங்கள் ஆறு பேர், எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். வெள்ளி பின்னேரம் கொழும்பில் புறப்பட்டு, இரவே ஏறி, சனி உதயம் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பும் திட்டம். சரிதானே? (வெள்ளவத்தை)

சரியில்லை. ஐந்து நாள் வேலை செய்த களைப்பு, நித்திரை இல்லை, பஸ்ஸில் சாப்பிட்ட கொத்து ரொட்டி வயிற்றில், அப்புறம் ஐயாயிரம் படி. அதுவும் சனிக்கிழமை.

வார இறுதியிலும் போயாவிலும் கடைசிப் படிகளில் நடை நின்றுவிடும். ஒரு போயா இரவு நான் உச்சிக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு படிக்கு ஐந்து நிமிடம் என்று இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றேன். வேர்த்த சட்டை உடம்போடு ஒட்டிக் குளிர, விடிந்தது படியிலேயே. கால் பலம் அங்கே ஒன்றுக்கும் உதவாது.

ஒரு நாள் லீவு எடுங்கள். திங்கள் போய்ச் செவ்வாய் உதயம் பாருங்கள், அந்த வாரம் போயா இல்லை என்று கலண்டரில் பார்த்துக்கொண்டு. டிசம்பரிலிருந்து பெப்ரவரிவரை சூரியன் ஆறேகாலுக்கும் ஆறரைக்கும் இடையில் உதிக்கும். ஏப்ரலில் ஆறு மணியளவில், மே மாதம் இன்னும் கொஞ்சம் முன்னால். இளம் ஆட்களுக்கு ஏற மூன்று, நாலு மணித்தியாலம் பிடிக்கும். ஆகவே வார நாளில் ஒன்றரை, இரண்டு மணிக்குப் புறப்பட்டால் போதும். பத்து மணிக்கே ஏறத் தொடங்குகிறவர்கள் இரண்டு மணிக்கு உச்சியில் நின்று நடுங்குவார்கள். நேரம் மிஞ்சினால் அதைக் கீழ்க்கடைகளில் ஒரு பிளேன்டியோடு கழியுங்கள்.

இன்னொன்று. உதயம் பார்த்ததும் உடனே இறங்கிவிடாதீர்கள். எல்லாரும் கிழக்கே பார்த்துக்கொண்டு நிற்கும்போது நீங்கள் மேற்குப் பக்கம் வாருங்கள். மலையின் நிழல் கூரிய முக்கோணமாக முகிலின் மேலும் காட்டின் மேலும் விழுந்திருக்கும். சூரியன் ஏற ஏற அது மலையை நோக்கிச் சுருங்கி வரும். இத்தனை தடவை பார்த்தும் எனக்கு அது அலுக்கவில்லை.

கோச்சியில் ஹட்டன் வருவதாக இருந்தால், மழை நாட்களில் மண்சரிவால் மலையக ரயில் பாதை தடைப்படுவது உண்டு. புறப்படுமுன் விசாரியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் மலை என்று சொல்ல ஒரு மேடும் இல்லை. எங்கே போய்ப் பழகுவது? (கோண்டாவில்)

மாடிப்படிதான் உங்கள் மலை. ஒரு மாடிக்கு இருபது படி என்றால், சிவனொளிபாதம் 250 மாடிக்கு மேல். பயந்துவிடாதீர்கள், ஒரே நாளில் அத்தனையும் ஏறச் சொல்லவில்லை. போவதற்கு ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். கிழமைக்கு மூன்று நாள், இரண்டு மூன்று மாடிக் கட்டடமொன்றில் கால்மணி நேரம் ஏறி இறங்குங்கள். கடைசி வாரங்களில் அது முக்கால் மணிக்கு வரட்டும். வீட்டில் மாடி இல்லையென்றால் திண்ணைப் படியொன்றிலேயே ஏறி இறங்கலாம், கொஞ்சம் சலிப்புத்தான்.

சைக்கிள் மிதிக்கிறேனே என்று கேட்பீர்கள். மூச்சுக்கு நல்லது. ஆனால் இறங்கும்போது உடம்பின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்கிற தொடைத் தசைக்கு அது பழக்கம் தராது. மறுநாள் தொடை நடுங்குவது அந்தத் தசை பழகாததால்தான். ஆகவே மாடியில் ஏறுவதை வேகமாகச் செய்தாலும், இறங்குவதை மெதுவாக, ஒவ்வொரு படியாகச் செய்யுங்கள். மலைக்குப் போடப்போகிற சப்பாத்தை அப்போதே போட்டுப் பழக்குங்கள். போவதற்கு முந்திய மூன்று நாள் ஒன்றும் செய்யாமல் ஓய்வெடுங்கள்.

ஆகஸ்ட் லீவில்தான் பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறோம். அப்போது ஏறலாமா? (டொரொன்டோ)

பாதைக்குக் கதவு போட்டுப் பூட்டுவதில்லை. ஆனால் ஆகஸ்டில் அது வேறு மலை. தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பக்கத்தைத்தான் நேராக அடிக்கும். படி விளக்குகள் எரியாது, கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், படி வழுக்கும், அட்டை கடிக்கும். மேலே போனாலும் முகிலைத் தவிர ஒன்றும் தெரியாமல் போகலாம். பெரியவர்கள் மட்டும் வருவதென்றால் பகலில், நாலைந்து பேராக, வானம் வெளித்த நாளாகப் பார்த்து ஏறுங்கள். சிறு பிள்ளைகளோடு நான் போக மாட்டேன்.

அந்த மாதம் ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும், ஏனென்றால் மழையை மலைகள் மேற்கிலேயே மறித்துவிடும். அங்கே எல்ல என்ற ஊரில் சின்ன சிவனொளிபாதம் என்று 1,141 மீட்டர் உயரத்தில் ஒரு குன்று உண்டு. தேயிலைக்கு நடுவே நடந்து, கொஞ்சம் படி ஏறினால் உச்சி. ஏழு வயதுப் பிள்ளையும் ஏறும். பெரிய மலைக்கு ஒரு சீசனில் திரும்ப வாருங்கள்.

இரத்தினபுரிப் பக்கத்தால் ஏறுவது லேசு என்கிறார்களே? (அவிசாவளை)

இல்லை. பலாபத்தல வழி பழமையானது, காடு அழகானது. ஆனால் தூரமும் கூட, தாழ்வான இடத்திலிருந்து தொடங்குவதால் ஏற்றமும் கூட. குருவிட்ட, எரத்ன வழியும் அப்படித்தான். முதல் தடவை என்றால் நல்லதண்ணியால் ஏறி நல்லதண்ணியாலேயே இறங்குங்கள். இறங்கும்போது பாதை பிரியும் இடத்தில் கவனம், தூக்கக் கலக்கத்தில் மற்றப் பக்கம் இறங்கியவர்கள் இருக்கிறார்கள்.

நாங்கள் பாவா ஆதம் மலை என்று சொல்லி வளர்ந்தவர்கள். அங்கே இப்போது எங்களுக்கு இடம் உண்டா, என்ன முறை பார்க்க வேண்டும்? (அக்கரைப்பற்று)

தாராளமாக உண்டு. 1344இல் இப்னு பதூதா இந்த மலைக்கு ஏறினார். பாறையில் சங்கிலி பிடித்து ஏறியதை எழுதியும் வைத்திருக்கிறார். சிங்களவர் சிறீபாத என்றும், நாங்கள் சிவனொளிபாதம் என்றும், நீங்கள் பாவா ஆதம் மலை என்றும் சொல்லி ஏறுவது ஒரே படியில்தான். எந்த ஊர், எந்தச் சமயம் என்று கேட்காமல் கை கொடுத்து ஏற்றிவிட்டவர்களை நான் ஒவ்வொரு பயணத்திலும் கண்டிருக்கிறேன்.

முறைகள் எளிது. தோளும் காலும் மூடிய உடுப்பு, உச்சியில் செருப்பைக் கழற்றுவது, பாதச் சுவடு இருக்கும் இடத்தில் படம் எடுக்காமல் இருப்பது. மணி அடிப்பது உங்கள் விருப்பம். எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை அடி அடிப்பது வழக்கம். எதிரே வருகிறவர்கள் "கருணாவை" என்பார்கள். அன்பும் ஆசியும் சேர்ந்த சொல் அது. நீங்களும் அதையே திருப்பிச் சொல்லலாம், ஒரு சிரிப்பும் போதும்.

அப்பாவுக்குச் சீனி வியாதி. அவர் ஏறும்போது என்ன பார்க்க வேண்டும்? (மாத்தளை)

மருந்து, ஊசி அளவை அன்றைக்கு மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இத்தனை மணித்தியாலம் ஏறினால் சீனி இறங்கிவிடக்கூடும். சட்டைப் பையில் டொபியோ குளுக்கோஸோ இருக்கட்டும், பையின் அடியில் வேண்டாம். கை நடுங்கி, வேர்த்து, பேச்சுக் குழறினால் உடனே இருத்தி இனிப்பைக் கொடுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் என்றால் இடையிடையே சப்பாத்தைக் கழற்றிக் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். நெஞ்சு நோவு வந்தால் அதற்குமேல் ஒரு படியும் ஏற வேண்டாம். சீசனில் வழியில் முதலுதவி நிலையங்கள் இருக்கும், அம்புலன்சுக்கு 1990.

பையில் என்னென்ன வேண்டும்? (திருகோணமலை)

நீங்கள் நினைப்பதில் பாதி. திருகோணமலை ஆட்களுக்குக் குளிர்தான் புதிது, ஆகவே அதைச் சொல்கிறேன். ஏறும்போது வேர்க்கும், கம்பளிச் சட்டையைக் கழற்றிவிடுவீர்கள். உச்சியில் காற்றடிக்கும்போது உங்களைக் குளிரில் போடுவது அந்த ஈர பெனியன்தான். காய்ந்த பெனியன் ஒன்றை மடித்துக் கொண்டுபோய், மேலே போனதும் முதலில் அதை மாற்றுங்கள், அப்புறம் கம்பளி, காதை மூடும் தொப்பி. செருப்பைக் கழற்ற வேண்டியிருப்பதால் தடித்த காலுறை இன்னொரு சோடி.

தண்ணீர் ஒரு லீட்டர், டோர்ச், மழைச் சட்டை. சாப்பாட்டை வாழையிலையில் சுற்றிக் கொண்டு வாருங்கள். இது உலக மரபுரிமைக் காடு, 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஒவ்வொரு சீசன் முடிந்தபின்னும் அந்தச் சரிவுகளிலிருந்து பொலித்தீனையும் போத்தலையும் மூட்டை மூட்டையாகப் பொறுக்குகிறார்கள். அந்தக் காட்டிலிருந்து வரும் தண்ணீரைத்தான் கீழே தோட்டங்களில் எங்கள் ஆட்கள் குடிக்கிறார்கள். தயவு செய்து ஒரு டொபித் தாளையும் போட்டுவிட்டு வராதீர்கள்.

இறங்கிய பிறகு காலுக்கு என்ன செய்வது? (பதுளை)

உடனே பஸ்ஸில் ஏறி மடங்கி உட்கார்ந்தால் ஹட்டனில் எழும்ப முடியாது. கால்மணி நேரம் கடைத்தெருவில் மெல்ல நடங்கள், சாப்பிடுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள். இளஞ்சூட்டு நீரில் குளித்து, தொடையையும் கெண்டைக்காலையும் மெதுவாகத் தடவி விடுங்கள். நோவு இரண்டாம் நாள்தான் கூடும், மூன்று நாலு நாளில் போய்விடும். ஒரு முழங்கால் மட்டும் வீங்கினால் டாக்டரிடம் காட்டுங்கள். அன்றிரவு நல்லதண்ணியில் தங்குவதாக இருந்தால், அறை எடுக்கும்போதே கீழ்த்தளத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள்.