கார்டன் சிட்டி ஆத்துல தண்ணி இல்லையா? மேப் தப்பில்லங்க

மேப்புல ஆர்கன்சா ஆறு நீலமா தெரியுது, அமெரிக்காவுல கான்சஸ் மாநிலத்து கார்டன் சிட்டி பாலத்துல நின்னு பார்த்தா வெறும் மணல், இடம் மாறி வந்துட்டனான்னு கேட்டிருந்தீங்க. சரியான இடம்தாங்க, ஆறுதான் இல்ல. கொலராடோ மலைப்பனி உருகி வர்ற தண்ணிய வழியிலயே வாய்க்கால் வாய்க்காலா வெட்டி வயலுக்கு இழுத்துடுறாங்க, போதாததுக்கு கான்சஸ் பக்கம் ஓகல்லாலாங்கிற பெரிய நிலத்தடி நீர்த்தேக்கத்த போர் போட்டு உறிஞ்சி உறிஞ்சி மட்டம் ஆத்துப் படுகைக்கும் கீழ போயிடுச்சு, அதனால மேல இருந்து ஏதோ கொஞ்சம் வந்தாலும் மணலே குடிச்சிடும். 1948லயே கொலராடோ, கான்சஸ் ரெண்டு மாநிலமும் ஒப்பந்தம் போட்டும் கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 1995ல கொலராடோ மீறினது உண்மைன்னு தீர்ப்பு, நம்ம காவிரி கதையேதான்.

ஓடுற தண்ணிதான் பாக்கணும்னா கார்டன் சிட்டி வழியா போற 83 ஹைவேய பிடிச்சு நேரா வடக்க நெப்ராஸ்கா மாநிலம் போங்க, ஒரு நாள் டிரைவ். நார்த் பிளாட் ஊர தாண்டினா சாண்ட்ஹில்ஸ், புல்லு மூடின மணல் மேடு, மாடு, காத்தாடி பம்பு, அவ்ளோதான். மழைத்தண்ணி மணல்ல இறங்கி ஊத்தா வர்றதால டிஸ்மல், லூப், நையோப்ராரா ஆறுங்க எல்லாம் வருஷம் பூரா ஓடும். வாலன்டைன் ஊர்ல டியூப் வாடகைக்கு எடுத்து மிதக்கலாம், லூப் ஆத்துல மாட்டுத் தண்ணித்தொட்டியிலயே உக்காந்து மிதப்பாங்க, அத விட்டுறாதீங்க. கரையெல்லாம் பெரும்பாலும் ராஞ்ச் ஆளுங்க சொந்த நிலம், கேக்காம இறங்காதீங்க.