கர்மன் கியா மாதிரி பழைய ஏர்கூல் காடியை பினாங்குல வீட்டுலயே வச்சு சரி பண்ணி ஓட்ட முடியுமா?

கேள்வி கேட்ட தம்பி, 1970 மாடல் வோக்ஸ்வேகன் கர்மன் கியா ஒண்ணு பட்டர்வொர்த்துல விலைக்கு வருது, டெரஸ் வீட்டு போர்ச்சுல வச்சு நானே சரி பண்ணலாமா, ரேடியேட்டரே இல்லாத எஞ்சின் நம்ம ஊரு சூட்டுக்கும் ஜாமுக்கும் தாங்குமான்னு கேட்டிருக்காரு. பண்ணலாம், தாங்கும். நான் ஜெலுத்தோங்ல இதே 1600 சிசி எஞ்சின் உள்ள கியாதான் வச்சிருக்கேன், வெல்டிங்கும் பெயின்ட்டும் தவிர மத்த வேலை எல்லாம் வீட்டுலதான். ஆனா ஒண்ணு, காடி கைக்கு வந்த உடனே பெயின்ட், சீட்டு, ரிம்முன்னு போயிடாதீங்க. முதல் வெள்ளிய காத்து போற வழிக்கு செலவு பண்ணுங்க, அடுத்து பெட்ரோல் ஹோஸ், அதுக்கப்புறம் துரு, பெயின்ட் எல்லாம் கடைசி.

இந்த காடி பாக்க ஸ்போர்ட்ஸ் காடி, அடியில வோக்ஸ்வேகன் பீட்டில். 1955-ல இருந்து 1974 வரைக்கும் வந்துச்சு, இத்தாலி தூரின்ல இருந்த கியா கம்பெனி டிசைன் பண்ணது, ஜெர்மனி ஓஸ்னாப்ருக்ல கர்மன் கம்பெனி கட்டினது. அதனால எஞ்சின், கியர்பாக்ஸ் சாமான் எல்லாம் பீட்டில் சாமானே போதும், இங்க பீட்டில் எவ்வளவு ஓடுச்சுன்னு நம்ம அப்பாங்களக் கேட்டா தெரியும், சாமான் இன்னும் கிடைக்குது, விலையும் பயப்படற மாதிரி இல்ல. பாடி சாமான்தான் கஷ்டம், அதுக்கு பின்னாடி வரேன்.

இப்ப காத்து. பெல்ட்டு ஜெனரேட்டரைச் சுத்துது, ஜெனரேட்டர் ஷாஃப்ட்டோட இன்னொரு முனையில ஃபேன் இருக்கு, அது மேல இருந்து காத்த இழுத்து ஃபேன் கூடு வழியா சிலிண்டர் ஹெட்டு ஃபின்னுக்கு (சூட்ட வெளிய விடற தகடுங்க) நடுவுல தள்ளுது, சூடான காத்து அடியில வெளியாகுது. எஞ்சினச் சுத்தி இருக்கிற கறுப்பு தகரமும், தகரத்துக்கும் பாடிக்கும் நடுவுல ஓடுற ரப்பர் சீலும்தான் மேல உள்ள குளிர்ந்த காத்தையும் கீழ உள்ள சூட்டுக் காத்தையும் பிரிச்சு வைக்குது. அந்த ரப்பர் இல்லன்னா, தகரத்துல ஒரு துண்டு குறைஞ்சாலும், கீழ போன சூடு திரும்ப மேல ஏறி ஃபேனுக்குள்ளயே போகும், அடுப்பு பக்கத்துல உக்காந்து விசிறி வீசிக்கிற மாதிரிதான். இந்த எஞ்சின் நம்ம ஊருக்கு ஆகாதுன்னு சொல்றவங்க காடி மூடியத் திறந்து பாருங்க, முக்கால்வாசிப் பேருக்கு இந்த ரப்பரே இருக்காது, பிளக் வயர் தகரத்துக்குள்ள நுழையிற இடத்துல இருக்க வேண்டிய சின்ன ரப்பர் மூடியும் இருக்காது.

இன்னொண்ணு நம்ம நாட்டுலதான் அதிகம் பாக்கறேன். ஹீட்டர் நமக்கு எதுக்குன்னு ஹீட்டர் பாக்ஸக் கழட்டிட்டு வேற எக்ஸாஸ்ட் போட்டிருப்பாங்க, சரி, ஆனா ஃபேன் கூட்டுல இருந்து ஹீட்டருக்கு காத்து போற ரெண்டு வாய் இருக்கும், அத மூடாம விட்டிருப்பாங்க. ஹெட்டுக்குப் போக வேண்டிய காத்து அந்த ஓட்டை வழியா சும்மா போயிட்டிருக்கும். மூடி போட்டு இறுக்க சில வெள்ளிதான் ஆகும். வாங்கப் போற காடியில முதல்ல இதப் பாருங்க.

1970 எஞ்சின்ல ஆயில் கூலர் ஃபேன் கூட்டுக்குள்ளயே நிக்கும், 3-ஆம் நம்பர் சிலிண்டருக்குப் போற காத்து அந்த கூலரத் தொட்டு சூடாகித்தான் கீழ போகும். இடது பக்கம், காடி முன்பக்கத்துக்கு கிட்ட இருக்கிறதுதான் 3. அதோட எக்ஸாஸ்ட் வால்வு மத்ததவிட சீக்கிரம் போகும். 1971-ல இருந்து கூலர தனி அறையில தள்ளி வச்சுட்டாங்க, அந்த மாடல் ஃபேன் கூடும் கூலரும் தேடிப் பிடிச்சு மாத்தினா நம்ம ஜாமுக்கு பெரிய உதவி. தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை பக்கம் ஊர்ந்து போறப்பதான் அதோட அருமை தெரியும்.

அதனாலதான் டேப்பெட் அட்ஜஸ்ட்மென்ட்ட, அதாவது வால்வு கேப் சரி பண்றத, நான் யார்கிட்டயும் விடறதில்ல. 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, எஞ்சின் சுத்தமா ஆறினப்ப, அதாவது ராத்திரி நிறுத்திட்டு காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி. இன்லெட், எக்ஸாஸ்ட் ரெண்டுக்கும் 0.15 மில்லிமீட்டர். 1-ஆம் சிலிண்டர டாப்ல (பிஸ்டன் மேல் முனைக்கு வந்து வால்வு ரெண்டும் மூடியிருக்கிற நிலை) வச்சு ஆரம்பிங்க, அப்புறம் புல்லிய கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமா அரை சுத்து, அரை சுத்துன்னு திருப்பினா 1, 2, 3, 4ன்னு வரிசையா வந்துரும். ஒவ்வொரு தடவையும் கேப் எவ்வளவு இருந்துச்சுன்னு எழுதி வைங்க. ஏதாவது ஒரு எக்ஸாஸ்ட் வால்வுல மட்டும் கேப் குறைஞ்சுக்கிட்டே வந்தா அந்த வால்வு நீளுதுன்னு அர்த்தம், ஹெட்டக் கழட்டிப் பாக்கணும், காத்திருந்தா வால்வு தலை உடைஞ்சு பிஸ்டன ஓட்டை போட்டுரும். அந்த நோட்டுப் புக்கு எந்த மீட்டரவிடவும் நல்லா பேசும்.

ஆயில் ரெண்டரை லிட்டர்தான், ஃபில்டர் கிடையாது, ஒரு கம்பி வலை மட்டும். புக்குல 5,000ன்னு இருக்கு, நம்ம ஓட்டத்துக்கு 3,000 போதும், 20டபிள்யூ50 ஊத்துங்க. பெட்ரோல் ரோன்95 தாராளம், கம்ப்ரஷன் கம்மியான எஞ்சின் இது. (போர்ஷ 911 வச்சிருக்கிறவங்க இதப் படிச்சா: உங்க காடியும் 1998 வரைக்கும் ஏர்கூல்தான், ஆனா ஆயில் பாக்கிற முறை வேற, எஞ்சின் நல்லா சூடாகி, சமதரையில, ஐடில்ல ஓடிட்டிருக்கறப்பதான் பாக்கணும்.)

பெல்ட்டு அறுந்தா சார்ஜும் போச்சு, காத்தும் போச்சு. டேஷ்ல சிவப்பு லைட்டு எரிஞ்சா அடுத்த எண்ணெய்க் கடை வரைக்கும் ஓட்டிப் பாக்கலாம்னு நினைக்காதீங்க, அங்கேயே ஓரமா நிறுத்துங்க, பினாங்கு பாலத்து மேலயா இருந்தாலும் எமர்ஜென்சி லேன்தான். ஒரு ஸ்பேர் பெல்ட்டு, 21 ஸ்பேனர், ஒரு தடிச்ச ஸ்க்ரூ டிரைவர் எப்பவும் காடியிலயே கிடக்கட்டும்.

பெட்ரோல் ஹோஸ் பத்தி கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். இந்த காடிங்க எரிஞ்சு போறதுக்குப் பெரிய காரணம் இதுதான். பழைய துணி சுத்தின ஹோஸ் வெளிய நல்லா இருக்கும், உள்ள வெடிச்சிருக்கும், பெட்ரோல் சூடான எஞ்சின் மேல சொட்டும். டேங்க் பக்கத்துல இருந்து கார்பரேட்டர் வரைக்கும் ரப்பரா இருக்கிறது எல்லாத்தையும் புதுசா மாத்துங்க, கிளிப் போடுங்க. எஞ்சின் ரூமுக்குள்ள தொங்குற பிளாஸ்டிக் ஃபில்டரக் கழட்டி கியர்பாக்ஸ் பக்கம் வைங்க. பெட்ரோல் பைப் முன் தகரத்துல நுழையிற ஓட்டையில ரப்பர் வளையம் இருக்கான்னு கையை விட்டுப் பாருங்க. எஞ்சின் கேஸ் மெக்னீசியம் கலந்தது, அது தீப்பிடிச்சா தண்ணி ஊத்தினா இன்னும் மோசமாகும், அதனால பவுடர் தீயணைப்பான் ஒண்ணு சீட்டுக்கு கிட்ட, கைக்கு எட்டுற இடத்துல.

எஞ்சின எறக்கறது கேக்க பயமா இருக்கும், நாலு போல்ட்டுதான், ட்ராலி ஜாக்கி வச்சு எறக்கலாம். பின் தகரம் கழலாது, அதனால பின்பக்கத்த நல்லா உயரமா தூக்கணும், ஜாக்கிய மட்டும் நம்பி அடியில போகாதீங்க, ஸ்டாண்டு வைங்க, கூட ஒரு ஆளையும் வச்சுக்குங்க.

துருதான் காச சாப்பிடும். பாடிய துண்டு துண்டா வெல்ட் பண்ணி இணைப்புல ஈயம் பூசி கையால தேய்ச்சு செஞ்சிருக்காங்க, பீட்டில் மட்கார்டு மாதிரி போல்ட்டக் கழட்டி மாத்த முடியாது. நம்மது கடல் காத்து வேற. ஒரு காந்தத்த எடுத்துக்கிட்டு மூக்கு, ஹெட்லைட் சுத்தி, கதவுக்கு அடியில உள்ள சில் எல்லாம் தடவுங்க, ஒட்டாத இடம் எல்லாம் புட்டி. சில்லுக்குள்ள ஓடுற ஹீட்டர் குழாய்தான் பாடிக்கே முதுகெலும்பு, ஹீட்டர் வேண்டாம்னாலும் அது வேணும். எஞ்சின் ரூம்ல வலது பக்கம் பேட்டரிக்கு அடியில பாருங்க. பாய எடுத்துட்டு தரையப் பாருங்க, ஃப்ளோர் தகரம் பீட்டில விட அகலம், பீட்டில் தகரம் வாங்கிட்டு வந்துராதீங்க. சில்லு போயிருந்தா, கதவு ஓட்டைக்கு குறுக்க கம்பி வெல்ட் பண்ணி இறுக்காம பழசை வெட்ட விடாதீங்க, பாடி தொங்கிட்டா அப்புறம் கதவு சாத்தாது.

கடைசியா, காசு குடுக்கறதுக்கு முன்னாடி கெரான்ல (காடி பதிவுப் பத்திரம்) உள்ள நம்பர காடியில பாருங்க. சேசிஸ் நம்பர் பின் சீட்டுக்கு அடியில, தரைக்கு நடுவுல மேடா ஓடுற முதுகுல, எஞ்சின் நம்பர் ஜெனரேட்டர் ஸ்டாண்டுக்கு கீழ. அம்பது வருஷத்துல எஞ்சின் மாத்தின காடி நிறைய, நம்பர் சேரலன்னா பேர் மாத்தறப்ப புஸ்பாகோம்ல (காடி சோதனை நிலையம்) நின்னுரும், அத விக்கிறவரே முடிச்சுக் குடுக்கட்டும். பாக்கப் போறப்ப எஞ்சின் ரூம மேல இருந்து ஒரு படம், காடிக்கு அடியில இருந்து ஒரு படம், சில்லு ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு எடுத்து இங்கயே போடுங்க தம்பி, தகரத்துல எது குறையுதுன்னு பாத்து சொல்றேன்.