ரெண்டு தவணை நின்றுபோனால்

வேலை போனதில் வீட்டுக் கடனில் ரெண்டு மாதத் தவணை நிலுவை, தனிநபர் கடன் வாங்கி அடைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பொதுவாக அதன் வட்டி வீட்டுக் கடனைவிட அதிகம், திருப்பிக் கட்டும் கெடுவும் குறைவு. மாதச் சுமை கூடத்தான் செய்யும்.

மூன்றாவது தவணை தவறுவதற்குள் கடன் மறுசீரமைப்பு, அதாவது கெடுவை நீட்டியோ சில மாதம் தவணை விடுப்பு தந்தோ கடனை மாற்றியமைப்பது, கேட்டு வங்கியில் எழுத்தில் கொடுங்கள். வேலை நீக்கக் கடிதம், ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், இப்போது கட்ட முடிகிற தொகை மூன்றும் அதில் இருக்கட்டும். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். போனில் பேசியது பிறகு கைகொடுக்காது.

கெடு நீட்டிப்பு பெரிய மந்திரமில்லை. 9% வட்டியில் 15 ஆண்டு மிச்சமென்றால் லட்சத்துக்குத் தவணை 1,014. 20 ஆண்டாக்கினால் 900. மொத்த வட்டியோ சுமார் 82,600-இலிருந்து 1,15,900 ஆகிவிடும். தவணை கட்டாத விடுப்பு மாதங்களிலும் வட்டி ஓடும். வருமானம் திரும்பாது என்று தெரிந்தால், வங்கி ஏலம் விடுவதற்கு முன் வீட்டை நீங்களே விற்பது மேல்.